தேவையான அளவு உப்பு

அந்தத் தெருவில் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவரை யாருக்கும் தெரியாது. தராசு வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கையைக் காட்டும். முப்பத்தைந்து வருஷம் எடை அளவு ஆய்வாளராக இருந்தவர். கடை கடையாக ஏறி, தராசைத் தூக்கிப் பார்த்து, எடைக்கல்லைத் தன் கல்லோடு வைத்துச் சரிபார்த்து, முத்திரை குத்துவதுதான் உத்தியோகம். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆனால் இன்றைக்கும் யாராவது "கொஞ்ச நேரத்துல வர்றேன்" என்றால், "எத்தனை நிமிஷம்?" என்று கேட்காமல் விடமாட்டார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எவ்வளவு ஒழுங்கான தராசாக இருந்தாலும் ஒரு குறை சொல்லாமல் முத்திரை குத்தமாட்டார். "முள்ளு ஒரு நூல் வலப்பக்கம் சாயுது" என்பார். கடைக்காரர் பதறிப்போய்த் தட்டைத் துடைப்பார். துடைத்த பிறகு முள் இருந்த இடத்திலேயேதான் இருக்கும். இவர் தலையாட்டிவிட்டுக் குத்துவார். குறை சொல்லாமல் குத்துகிற முத்திரைக்கு மதிப்பு கிடையாது என்பது அவருடைய கட்சி.

இந்த வழக்கத்தை ஆபீஸ் வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்திருந்தால் வம்பில்லை. மனுஷன் அதைச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுவந்தார். முதல் வாய் உள்ளே போனதும், "உப்பு ஒரு கல்லு கூட." கல்யாணமாகி நாற்பத்தோரு வருஷம், ஒரு நாள் தவறாமல் இதே பாட்டு. மனைவி ஒரு கல் குறைத்துப் பார்த்தாள். ஒரு கல்லு கூட. இன்னொரு கல் குறைத்தாள். அப்போதும் ஒரு கல்லு கூட. அப்புறம் அவள் காதில் வாங்குவதை நிறுத்திவிட்டாள் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை மத்தியானம், அவர் வாயைத் திறந்து "உப்பு" என்று ஆரம்பித்ததுமே, மனைவி கரண்டியை மேசைமேல் வைத்தாள். போடவில்லை, அடிக்கவில்லை, மெதுவாகத்தான் வைத்தாள். "இனிமே உப்பை நீங்களே போட்டுக்குங்க" என்றாள். நாலு மணிக்குக் கையில் பையோடு வாசலில் நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்கு."

"எப்ப வருவ?"

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீங்க உங்க கையால சமைச்சு எனக்கு ஒரு வாய் போடுங்க. சாப்பிட்டுட்டு சொல்றேன், வர்றதா வேணாமான்னு."

தங்கச்சி வீடு ஒன்றும் கண்காணாத தேசத்தில் இல்லை. இரண்டு தெரு தள்ளி, சலவைக் கடை மாடியில்தான். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் இவர், மைத்துனிக்கு முழங்கால் வலி, துணைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லி வைத்தார். அந்த மைத்துனியோ தினமும் காலையில் இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தாள். தெருவே பார்த்தது. யாரும் இவரிடம் ஒன்றும் கேட்கவில்லை; பார்த்தால் மட்டும் "முழங்கால் எப்படி இருக்கு?" என்று ரொம்ப அக்கறையாக விசாரித்தார்கள்.

ரொட்டியும் வாழைப்பழமுமாகப் பத்து நாள் ஓட்டினார். அவளுடைய தையல் மெஷின் சத்தம் இல்லாத வீடு அவருக்குப் பிடிக்கவே இல்லை. அவள் இல்லாமல் அவருக்கு முடியவில்லை, அவள் திரும்பி வரவேண்டும். விஷயம் இவ்வளவுதான். அதை வாயால் சொல்லத்தான் அவருக்கு வராது. சமையலோ, அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பதே தெரியாது.

மாடியில் மகனும் மருமகளும். மகன் ரயில் ஓட்டுகிறவன்; வாரத்தில் பாதி நாள் வெளியூர், மீதி நாள் தூக்கம். "உங்க ரெண்டு பேர் பஞ்சாயத்துல என்னை இழுக்காதீங்க" என்று முதல் நாளே ஒதுங்கிவிட்டான். மருமகளுக்குப் பதிப்பகத்தில் வேலை. அப்போது அவள் தலையில் ஒரு புத்தகத்தைக் கட்டியிருந்தார்கள். சமையற்கட்டுச் சொற்களுக்கெல்லாம் விளக்கம். மளிகைச் சாமான், கீரை, மசாலா, வதக்குவது, வாட்டுவது, ஒயினுக்கு ஆகிற திராட்சை வகைகள் வரைக்கும், ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி. அந்தப் பதிப்பகத்தில் ஒரு விதி உண்டு. விளக்கம் எழுதியானதும் அதை ஒன்றும் தெரியாத ஆள் ஒருவர் கையில் கொடுத்து, எழுதியிருக்கிறபடி செய்யச் சொல்லிப் பார்க்கவேண்டும். அவர் தப்பாகச் செய்தால் விளக்கம் தப்பு.

ஒன்றும் தெரியாத ஆளைத் தேடி மருமகள் ரொம்ப தூரம் போகவில்லை. தாள் கட்டை எடுத்துக்கொண்டு பதினாறு படி இறங்கினாள்.

"மாமா, உங்களுக்கு சமையல் எவ்வளவு தெரியும்?"

"சாப்பிடத் தெரியும்."

"சுத்தமா ஒண்ணுமே தெரியாதா? தண்ணி கூட கொதிக்க வச்சதில்லையே?"

"இல்லம்மா."

"அப்பாடா! ஊர் பூரா தேடினாலும் உங்கள மாதிரி ஒருத்தர் கிடைக்கமாட்டார் மாமா."

பாராட்டா, வாரிவிடுகிறாளா என்று அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. பிடிபடுவதற்குள் பேரம் முடிந்துவிட்டது. தாளில் இருக்கிறபடி அவர் செய்து பார்க்கவேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்கறி சூப் ஒன்று வைக்கிற அளவுக்கு அவரைத் தேற்றிவிடுவது அவள் பொறுப்பு. கூடச் சமைத்துக் கொடுக்கமாட்டேன், கையை மட்டும் காட்டுவேன் என்று கறாராகச் சொன்னாள். அவள் அத்தை கட்சி.

அவர் பீரோவிலிருந்து தன் பித்தளைத் தராசையும் எடைக்கல் பெட்டியையும் இறக்கினார். சிவப்பு பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டார். மருமகள் அப்போதே தாள் கட்டைப் பிடுங்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கவேண்டும்.

முதல் நாளே 'சிட்டிகை'யில் மாட்டிக்கொண்டது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எடுக்கிற அளவு என்று அவள் எழுதியிருந்தாள். இவர் பத்து முறை எடுத்து, பத்து முறையும் நிறுத்தார். அப்புறம் மருமகளைக் கூப்பிட்டு அவளைப் பத்து முறை எடுக்கச் சொன்னார்.

"என் சிட்டிகை உன் சிட்டிகை மாதிரி ஒண்ணே முக்கால் மடங்கு. இத வச்சு ஒரு நாடு எப்படிம்மா நடக்கும்?"

"நாடு நடக்க வேணாம் மாமா, சூப் ஆனா போதும்."

தாளில் சிவப்பில் எழுதினார்: அளவு நிலையாக இல்லை. முத்திரை மறுக்கப்படுகிறது.

'வெங்காயத்தைக் கண்ணாடிபோல் ஆகும்வரை வதக்கவும்' என்ற இடத்தில் அவள் கீழே வந்து பார்த்தபோது, ஒரு வெங்காயத் துண்டைச் செய்தித்தாள்மேல் ஒட்டிவைத்துக் குனிந்துகொண்டிருந்தார். "தலைப்பு தெரியுது. சின்ன எழுத்து தெரியல. இன்னும் வதக்கணுமா?" என்று கேட்டார். 'பொன்னிறம்' வந்தபோது அதைவிட மோசம். விரலில் கிடந்த கல்யாண மோதிரத்தைச் சோப்புப் போட்டு இழுத்துக் கழற்றி, வாணலி ஓரத்தில் பிடித்துக்கொண்டு வெங்காயத்தோடு ஒப்பிட்டார். வெங்காயம் கருகி, புகை மாடிவரைக்கும் போனது. மருமகள் ஓடிவந்தாள்.

"எந்தப் பொன்னுன்னு நீ எழுதல" என்றார், இருமிக்கொண்டே. "இந்த மோதிரம் பழசு. நிறம் மங்கிப்போச்சு. அந்த அளவுக்கு வரட்டும்னு நின்னேன்."

"மோதிரத்தை அத்தைகிட்ட காட்டி இதச் சொல்லிடாதீங்க மாமா. சூப்பும் வேணாம், ஒண்ணும் வேணாம்னுடுவாங்க."

திராட்சைகளில் அவருக்கும் பழக்கமில்லை, அவளுக்கும் பழக்கமில்லை. ஒயின் கடைக்காரர் ஒருவர் எழுதிக்கொடுத்த குறிப்பை வைத்துத்தான் அவள் எழுதியிருந்தாள். ரீஸ்லிங் என்ற வெள்ளைத் திராட்சைக்கு, 'ஒயினில் ஈரக் கல்லின் மணம் தெரியலாம்' என்று இருந்தது. இவர் கொல்லைப் பக்கம் போய் நாலு கல்லைப் பொறுக்கிக் கழுவி, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "முழங்கால் எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் உள்ளே போய்விட்டார்.

பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சைக்கு வந்தார்கள். "தோல் மெல்லிசு. வெயில் கூடினாலும் ஆகாது, குளிர் கூடினாலும் ஆகாது. இடம் பிடிக்கலன்னா ஒழுங்கா காய்க்காது. ஆனா பொறுமையா பாத்துக்கிட்டா இதுக்கு ஈடு கிடையாது" என்று மருமகள் படித்தாள்.

"உங்க அத்தையேதான்" என்றார் அவர்.

"நான் உங்களைன்னு நினைச்சேன். அந்தக் கடைசி வரியைத் தவிர."

இப்படியே போய் வெள்ளிக்கிழமை 'தேவையான அளவு'க்கு வந்து நின்றது. தாளில் ஒரே வரிதான்: உப்பு முதலியவற்றைச் சுவைக்கு ஏற்பச் சேர்த்தல். அவருக்குப் பென்சில் பிடித்த கை துறுதுறுத்தது.

"இது என்னம்மா விளக்கம்? யாரோட சுவைக்கு?"

"சாப்பிடறவங்க சுவைக்கு."

"ஞாயித்துக்கிழமை சாப்பிடப்போறது உங்க அத்தை."

"அப்ப அவங்க சுவைக்கு. அவங்களுக்கு உப்பு எவ்வளவு வேணும்?"

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். அந்தத் தெருக் கடைக்காரர்களில் யாருடைய தராசு எந்தப் பக்கம் சாயும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நாற்பத்தோரு வருஷமாகக் கூடவே இருக்கிறவளுக்கு உப்பு தூக்கலாக வேண்டுமா, மட்டாக வேண்டுமா என்று தெரியவில்லை.

தெரியாததைச் சோதித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதுதானே அவர் உத்தியோகம். சமையற்கட்டைச் சோதனை போட ஆரம்பித்தார். அலமாரி, டப்பா, அடுக்கு எல்லாம் பார்த்துவிட்டு, ஜன்னல் ஓரத்து முக்காலிக்கு வந்தார். அவள் சாப்பிடுவது அங்கேதான். இவருக்குப் பரிமாறிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கேட்டால் அங்கேதான் காற்று வருது என்பாள். இவரும் நம்பினார். இன்றைக்கு முதல்முறையாக அந்த முக்காலியில் உட்கார்ந்து பார்த்தார். காற்று வரவில்லை. எதிரில் பக்கத்து வீட்டுச் சுவர்.

ஜன்னல் கதவுக்குப் பின்னால் கையை விட்டபோது ஒரு தகர மிட்டாய் டப்பா தட்டுப்பட்டது. உள்ளே உப்பு. இருமல் மருந்தோடு வருகிற சின்ன பிளாஸ்டிக் கரண்டி ஒன்று. மூடியில் கட்டைவிரல் படுகிற இடத்தில் மட்டும் வண்ணம் சுத்தமாகத் தேய்ந்து, தகரம் பளபளத்தது. அது ஒரு வருஷத்துத் தேய்மானம் இல்லை. தேய்மானத்தைப் பார்த்து வயசு சொல்வது அவருக்குத் தெரிந்த வேலை.

"ஏம்மா, இது உனக்குத் தெரியுமா?"

"இந்த வீட்டுக்கு வந்த அன்னைக்கே பாத்தேன். நமக்கு உப்பு தூக்கலா வேணும்டின்னு சிரிச்சாங்க."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மாமா."

அவர் டப்பாவைத் திறந்தார், மூடினார். அவருக்காக உப்பைக் குறைத்து, இன்னும் குறைத்து, குறைத்ததைத் தன் தட்டில் மட்டும் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டிருக்கிறாள். மருமகள் கேலியை விட்டுவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"உண்மையைச் சொல்லுங்க மாமா. ஒரு நாளாவது உப்பு கூட இருந்துச்சா?"

எடைக்கற்களைப் பெட்டியில் பெரிசிலிருந்து சிறிசாக அவர் அடுக்கி முடித்தார்.

"இல்லம்மா. சரியாத்தான் இருந்துச்சு. எல்லா நாளும்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு சலவைக் கடை மாடிக்குப் போனார். கேட்டுவிடவேண்டும் என்றுதான் போனார். உனக்கு உப்பு எவ்வளவு வேணும் என்று நாலு வார்த்தை. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். கதவைத் திறந்த மைத்துனி, "வாங்க அத்தான், முழங்கால் வலி தாங்கல" என்று வரவேற்றாள். உள்ளேயிருந்து மனைவி வந்து நின்றாள். மூன்று வாரத்தில் அவள் கொஞ்சம் தெளிவாகக்கூட இருந்தாள். அதைப் பார்த்ததும் அவர் நாலு வார்த்தையையும் விட்டுவிட்டார்.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டரைக்கு சாப்பிட வா" என்றார்.

"நீங்கதான் சமைக்கிறீங்களா?"

"நான்தான்."

"பாக்கலாம்" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. அவர் படி இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மணிக்கே ஆரம்பித்துவிட்டார். கேரட்டை அடிக்கோல் வைத்து அரை அங்குலத் துண்டாக வெட்டினார். உருளைக்கிழங்கும் அப்படியே. வெங்காயம் கண்ணாடியாகிற நேரத்தில் நிறுத்தினார். செய்தித்தாள் இல்லாமல், கண்ணால் பார்த்தே. பருப்பு குழைந்து, காய் வெந்து, மிளகு போட்டு, இரண்டு லிட்டர் சூப் பானையில் நின்றது. மருமகள் எட்டிப் பார்த்துவிட்டுத் தட்டுகளை எடுத்து வைத்தாள். அவளுக்குக் கேலி செய்ய ஒன்றும் கிடைக்காதது இதுதான் முதல் முறை.

பன்னிரண்டரைக்கு மனைவி வந்தாள். கையில் பை இல்லை. அதை அவர் வாசலிலேயே பார்த்துவிட்டார். மேசை நடுவில் பித்தளைத் தராசு இருந்தது. "இது எதுக்கு?" என்றாள். அவர் சூப்பை ஊற்றினார். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். முக்காலியை அவர் காலையிலேயே கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டதால் அவளுக்கும் மேசையைத் தவிர வேறு இடமில்லை.

அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். புருவத்தைத் தூக்கினாள்.

"உப்பே போடலயே."

"போடல."

"மறந்துட்டீங்களா?"

"மறக்கல." சட்டைப் பையிலிருந்து மிட்டாய் டப்பாவை எடுத்து அவள் முன்னால் வைத்தார். "உன் அளவு எனக்குத் தெரியாது. இத்தனை வருஷத்துல நான் கேட்டதே இல்ல. நீயே போடு. தட்டுல வேணாம், பானையில போடு. இன்னைக்கு எல்லாருக்கும் உன் உப்புதான்."

அவள் டப்பாவைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள். மருமகள் கூரையில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மனைவி பானையைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கரண்டி, இரண்டு, மூன்று. கலக்கி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். இன்னும் ஒன்று. மறுபடி பார்த்தாள். அவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இன்னும் அரை.

டப்பாவை மூடியதும் அவர் வாங்கித் தராசில் வைத்தார். போடுவதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று காலையிலேயே நிறுத்துக் குறித்து வைத்திருந்தார். கழித்துப் பார்த்தார். "ரெண்டு லிட்டருக்கு இருபத்திரண்டு கிராம்" என்று சொல்லி நோட்டில் எழுதிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

தட்டுகளில் புதிதாக ஊற்றினாள். அவர் முதல் வாய் வைத்தார். உண்மையாகவே, வாழ்க்கையில் முதல் முறையாக, அவர் தட்டில் உப்பு கூடுதலாக இருந்தது. ஒரு கல் இல்லை, ஒரு பிடி. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உப்பு..." என்று ஆரம்பித்தார். அது பழக்கம், நாக்கு தானாக ஆரம்பித்துவிட்டது. இரண்டு பெண்களின் கரண்டிகளும் பாதியில் நின்றன.

"உப்பு சரியா இருக்கு."

"பொய்" என்றாள் மனைவி.

"சரியா இருக்கு" என்றார் மறுபடியும், இன்னொரு வாய் வைத்துக்கொண்டு. "இத நான் என்னைக்கோ சொல்லியிருக்கணும். தினமும் சரியாத்தான் இருந்துச்சு. சும்மா சொல்லிக்கிட்டிருந்தேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தட்டைக் காலி செய்துவிட்டு, கேட்காமலே இன்னொரு முறை ஊற்றிக்கொண்டாள். அதையும் முடித்தாள். கரண்டியை மேசைமேல் மெதுவாக வைத்தாள். அன்றைக்கு வைத்த அதே மாதிரி.

"கேரட் ஒரு நூல் பெருசு" என்றாள்.

"அடிக்கோல் வச்சு வெட்டினேனே! அரை அங்குலம், எல்லாம் ஒரே..."

"இருக்கட்டும். ஒரு குறை சொல்லாம எப்படி முத்திரை குத்தறது?"

மருமகளுக்குப் புரை ஏறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "போச்சு, எனக்கு வேற ஆள் தேடணும். சமைக்கத் தெரிஞ்சவர் இனிமே எனக்கு உபயோகமில்ல" என்று புலம்பினாள். தட்டை ஒதுக்கிவிட்டு, வெள்ளிக்கிழமை நின்றுபோன அந்தத் தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். "கடைசியா இத மட்டும் முடிச்சுக் குடுத்துடுங்க மாமா."

அவர் அவளுடைய ஒரு வரியை அடித்துவிட்டு, சிவப்பு பென்சிலால் எழுதினார்: தேவையான அளவு – யாருக்குத் தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளவும். மனைவி எட்டிப் படித்தாள். படித்துவிட்டு, ஏதோ சில்லறை வேலை சொல்வதுபோல அவரிடம் சொன்னாள்.

"தங்கச்சி வீட்டு வாசல்ல என் பை இருக்கும். நேத்து நீங்க படி இறங்கினதுமே கட்டி வச்சுட்டேன். போய் எடுத்துட்டு வாங்க."

அவர் எழுந்து செருப்பை மாட்டினார். மாட்டியவர் மறுபடி கழற்றிவிட்டுச் சமையற்கட்டுக்குள் போனார். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொரு முறை. அப்புறம் இன்னொரு முறை.

"எத்தனை டம்ளர்?" என்று மேசையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"மூணு" என்றார் உள்ளேயிருந்து, அளவில் பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.